பேரரசரின் சட்டப் புத்தகமும் நான் அலைந்த அலைச்சலும்

வீட்டுப் பரணிலோ தாத்தா பெட்டியிலோ முன்னூறு வருஷத்துக்கு முந்தைய வெளிநாட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்தால் என்ன செய்வது என்று தமிழில் தேடிப் பாருங்கள். பழைய நாணயத்துக்குப் பல லட்சம் என்கிற வீடியோக்களும், ரைஸ் புல்லிங் மோசடியில் பணத்தை விட்டவர்களைப் பற்றிய செய்திகளும்தான் வரும். நான் தேடியபோதும் அவைதான் வந்தன. கேட்க ஆள் இல்லாமல் ஒரு வருஷத்தின் பெரும்பகுதியை இதிலேயே கழித்தேன். கைக்காசு முப்பதாயிரம் ரூபாய்க்குக் கிட்டப் போயிற்று. அதைவிட, செத்துப்போன என் தாத்தாவைத் திருடன் போலப் பேசியதைக் கேட்க வேண்டி வந்தது. இன்னொருவருக்கு அது நேரக்கூடாது என்றுதான் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் வீடு வேலூர் கொசப்பேட்டையில். அம்மாவின் அப்பா இந்த ஊரில் ஒரு பெரிய வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகி, வட ஆற்காட்டுக்குத் தலைநகரமாக வேலூர் வந்தபிறகு இங்கே கோர்ட்டும் கச்சேரியும் பெருகின. அந்தக் காலத்தில் வந்து அலுவலகம் போட்ட வக்கீல் குடும்பம் அது. தாத்தாவின் தகரப் பெட்டியில், பழைய வேட்டியில் சுற்றி இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று உள்ளங்கை அகலம்கூட இல்லாத சின்னப் புத்தகம், வெளுத்த மஞ்சள் நிறத் தோல் அட்டை, உள்ளே முழுக்க லத்தீன். இன்னொன்று தடித்த ஆங்கிலப் புத்தகம், முதுகுத்தோல் தொட்டாலே செம்மண் தூள் மாதிரி கையில் ஒட்டியது. சின்னப் புத்தகத்தின் கடைசி வெற்றுத் தாளில் தாத்தா பென்சிலால் எழுதியிருந்தார்: வக்கீல் ஐயா இதை மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் வாங்கினார், 1958 பொங்கலன்று தன் கையால் எனக்குக் கொடுத்தார் என்று. கீழே தேதி, கையெழுத்து. அந்த மூன்று வரி பின்னால் எங்களை எப்படிக் காப்பாற்றியது என்பதைச் சொல்கிறேன்.

விற்கலாம் என்ற எண்ணம் வந்ததற்குக் காரணம் கூரை. 2021 நவம்பர் மழையில், பாலாறு இரு கரையும் புரண்டு ஓடிய அந்த வாரத்தில், எங்கள் மெட்ராஸ் டெரஸ் ஒழுக ஆரம்பித்தது. ஒவ்வொரு மழைக்கும் ஒட்டுப்போட்டுச் சமாளித்து, கடைசியில் கொத்தனார் கேட்ட தொகை எங்களால் முடியாததாக இருந்தது. தம்பி பெங்களூரில் வேலையில்லாமல் இருந்தான். பெட்டியில் கிடப்பதற்கு நல்ல விலை வரும் என்றால் வரட்டுமே என்றார் அம்மா.

புத்தகம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் கி.பி. 527 முதல் 565 வரை கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஆண்டவர். ஆயிரம் வருஷமாகச் சேர்ந்து சிக்கலாகிக் கிடந்த ரோமானியச் சட்டங்களையெல்லாம் திரட்டிச் செப்பனிடச் சொல்லி டிரிபோனியன் என்பவர் தலைமையில் ஆள் போட்டார். பேரரசர்களின் ஆணைகள் ஒரு தொகுப்பு, பழைய சட்ட அறிஞர்களின் கருத்துகள் 50 பாகங்களில் இன்னொரு தொகுப்பு. அதோடு 533இல், சட்டம் படிக்க வரும் இளைஞர்களுக்காக நான்கு பாகங்களில் ஒரு பாடநூல். அதன் பெயர் இன்ஸ்டிட்யூட்ஸ். பாடநூலாக இருந்தாலும் அதற்கும் பேரரசரின் சட்டம் என்ற அதிகாரம் உண்டு. எங்களிடம் இருந்தது அதுதான். லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வின்னியஸ் எழுதிய குறிப்புகளோடு ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. ஆங்கிலப் புத்தகம் அதே நூலுக்கு சாண்டர்ஸ் செய்த மொழிபெயர்ப்பு. மெட்ராஸில் அந்தக் காலத்துச் சட்டப் படிப்பில் ரோமானியச் சட்டமும் ஒரு பாடம். வக்கீல் ஐயா படித்தது இந்த ஆங்கிலத்தைத்தான், லத்தீனை ஆசைக்காக வாங்கியிருக்க வேண்டும்.

இதெல்லாம் இப்போது தெரியும். அப்போது தெரியாது. தெரியாத அந்த இடைவெளியில்தான் ஆட்கள் நுழைகிறார்கள். தெரிந்தவர் மூலமாக ஒருவர் வந்தார். முதல் பக்கத்தில் இருந்த ஒரு சித்திரத்தைக் காட்டி, "இது ராஜமுத்திரை மா, மகாராஜா லைப்ரரியில இருந்து வந்தது, அரைக் கோடிக்குக் குறையாது" என்றார். மதிப்பீட்டுச் சான்றிதழ் இருந்தால்தான் பார்ட்டி பேசுவார்கள் என்று 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். சில வாரம் கழித்து வழவழப்பான தாளில் முத்திரை குத்தி வந்தது சான்றிதழ். உலகில் இதுபோல் வேறு இல்லை, பேரரசரே வெளியிட்ட முதல் பதிப்பு என்று எழுதியிருந்தது. பேரரசர் ஆண்ட காலத்துக்கும் ஐரோப்பாவில் அச்சு வந்த காலத்துக்கும் நடுவே 900 வருஷம் இருக்கிறது. ராஜமுத்திரை என்று அவர் காட்டியது அச்சகத்தின் அடையாளச் சின்னம். அக்காலத்து அச்சகங்கள் பெரும்பாலும் முகப்பில் அப்படி ஒன்றைப் போடும். அதன்பிறகு அவர் போனை எடுக்கவில்லை.

ஒரு மதிப்பீட்டைப் பார்த்தவுடன் நல்லதா போலியா என்று சொல்ல இப்போது எனக்கு மூன்று கேள்விகள் போதும். எந்தப் பதிப்பு, எந்த ஊர், எந்த அச்சகம் என்று ஒரு நூலகப் பட்டியலின் எண்ணோடு சொல்லியிருக்கிறதா? எத்தனை தாள் இருக்க வேண்டும், எத்தனை இருக்கிறது என்று எண்ணியிருக்கிறதா? இதே பதிப்பு சமீபத்தில் எங்கே என்ன விலைக்குப் போனது என்று காட்டியிருக்கிறதா? இந்த மூன்றும் இல்லாத தாளுக்குப் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது சென்னையில் ஒரு கடை. அங்கே நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. பார்த்துவிட்டுச் சொல்கிறோம், வைத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். சுத்தம் செய்யவும் தைக்கவும் என்று 12,000 ரூபாய் வாங்கினார்கள். திரும்பப் போனபோது முகப்புத் தாளின் கிழிசலில் செல்லோ டேப் ஒட்டியிருந்தது. பழைய தாளில் செல்லோ டேப் ஒட்டினால் பசை தாளுக்குள் இறங்கி, சில வருஷத்தில் பழுப்பாகிக் கறையாக நின்றுவிடும். டேப் உதிர்ந்தாலும் கறை போகாது. "புத்தகம் முழுசா இல்லை. ஜே இல்லை, யூ இல்லை, டபிள்யூ இல்லை. மூணு ஃபாரம் போயிருக்கு. அதனால 2,000 தரோம்" என்றார்கள். பிறகு கடைக்காரர் கடைசித் தாளைப் பார்த்துவிட்டு, "குமாஸ்தாவுக்கு எதுக்கு வக்கீல் இதைக் கொடுக்கணும்? எடுத்துட்டு வந்து எழுதி வச்சிருப்பார். ரப்பர் போட்டு அழிச்சிடுங்க, இல்லனா போலீஸ் கேஸ் ஆகும்" என்றார்.

தாத்தா வக்கீல் வீட்டு ஒரு பேனா முள்ளைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவர் என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்ந்தவள் நான். புத்தகத்தைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சென்ட்ரலிலிருந்து காட்பாடி வரும்வரை ரயிலில் யாரிடமும் பேசவில்லை. அம்மாவிடம் அந்தப் பேச்சைச் சொல்லவே இல்லை, இன்றுவரை. ஆனால் அன்று ராத்திரி உட்கார்ந்துவிட்டேன். மூன்று ஃபாரம் இல்லை என்பது உண்மையா என்று நானே பார்த்துவிடுவது என்று.

ஃபாரம் என்றால் அச்சகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரிய தாளில் பல பக்கங்களை அடித்து மடித்தால் கிடைக்கும் கட்டு. இந்தப் புத்தகத்தில் ஒரு தாளை 12 இலையாக மடித்திருக்கிறார்கள், ஆக ஒரு ஃபாரத்துக்கு 24 பக்கம். ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் சில இலைகளின் அடியில் ஏ, ஏ2, ஏ3 என்று எழுத்து இருக்கும், தைப்பவர் வரிசை மாறாமல் அடுக்குவதற்காக. எழுத்துகளை வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். ஐக்குப் பிறகு கே வந்தது, ஜே இல்லை. டீக்குப் பிறகு வீ வந்தது, யூ இல்லை. வீக்குப் பிறகு எக்ஸ். அவர்கள் சொன்னது சரிதான் போலிருக்கிறதே என்று மனசு விட்டுப்போனது. ஆனால் பக்க எண்ணைப் பார்த்தால் எங்குமே அறுபடவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அடுத்த பக்கத்தின் முதல் சொல்லை அச்சடித்திருப்பார்கள். அதுவும் எல்லா இடத்திலும் அடுத்த பக்கத்தோடு பொருந்தியது. அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்: அந்தக் காலத்து அச்சகங்கள் ஃபாரத்துக்கு லத்தீன் அரிச்சுவடியின் 23 எழுத்துகளைத்தான் பயன்படுத்தின. அதில் ஐயும் ஜேயும் ஒன்று, யூவும் வீயும் ஒன்று, டபிள்யூ கிடையாது. புத்தகம் முழுசாக இருந்தது. பழைய புத்தகத்தையே தொழிலாகச் செய்பவருக்கு இது தெரியாமல் இருக்காது. உங்களிடம் யாராவது ஃபாரம் குறைகிறது என்று சொன்னால், பக்க எண்ணையும் அந்த அடிச்சொல்லையும் நீங்களே சரிபாருங்கள். ஒரு ராத்திரி வேலைதான்.

எந்த வருஷம் என்பது இன்னொரு முடிச்சு. முகப்பில் ஆண்டு ரோமன் எண்ணில் இருந்தது. எம், டி, சி, எல் வரை தெளிவு. அதற்குமேல் பூச்சி தின்றிருந்தது. எல் வந்துவிட்டதால் 1650க்குக் கீழே இல்லை. 1690 என்றால் வழக்கமாக எல்லுக்குப் பதிலாக எக்ஸும் சியும் வந்திருக்கும், அதனால் 1689க்கு மேலேயும் இருக்காது என்று வைத்துக்கொண்டேன். அந்த நாற்பது வருஷத்தில் இதே புத்தகம் பல தடவை அச்சாகியிருக்கிறது. நெதர்லாந்து தேசிய நூலகம் 1800 வரை அந்நாட்டில் அச்சான நூல்களுக்கு ஒரு பட்டியலை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் ஒவ்வொரு பதிப்புக்கும் கைரேகை மாதிரி ஓர் அடையாளம் கொடுத்திருக்கிறார்கள். ஃபாரம் எழுத்துக்கு நேர் மேலே, அச்சு வரியில் எந்த எழுத்துகள் நிற்கின்றன என்பதுதான் அது. மறுபடி எழுத்துக் கோத்து அச்சடிக்கும்போது வரி கொஞ்சமாவது நகர்ந்துவிடும், அதனால் பதிப்புக்குப் பதிப்பு மாறும். என் பிரதியில் அந்த எழுத்துகளைக் குறித்துக்கொண்டு ஒவ்வொரு பதிப்பாகக் கழித்துக்கொண்டே போனேன், ஒன்று அச்சாகப் பொருந்தியது. ஐரோப்பிய நூலகம் ஒன்று அதே பதிப்பை ஸ்கேன் செய்து போட்டிருந்ததால் பக்கம் பக்கமாக வைத்தும் பார்த்துவிட்டேன். லத்தீன் ஒரு சொல் தெரியாமலே இதைச் செய்ய முடிந்தது. அந்தச் சந்தோஷம் இப்போதும் எனக்கு இருக்கிறது.

அதே பட்டியல் இன்னொரு உண்மையையும் சொன்னது. இந்தப் புத்தகம் அபூர்வம் அல்ல. ஐரோப்பா முழுவதும் சட்டம் படிக்கப் போன முதல் வருஷ மாணவன் ஒவ்வொருவனும் இன்ஸ்டிட்யூட்ஸைப் படிக்க வேண்டியிருந்தது. பையில் வைத்துக்கொள்ளச் சின்ன அளவில் அச்சகங்கள் அடித்துத் தள்ளின. வெளிநாட்டு விற்பனைப் பட்டியல்களில் பார்த்தபோது இதைப்போன்றவை சில நூறு யூரோவுக்குத்தான் போயிருந்தன. வயது மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. எத்தனை பிரதி மிச்சம், யார் தேடுகிறார்கள், என்ன நிலையில் இருக்கிறது என்பதுதான் விலை. கூரைக்கு இது ஆகாது என்று அன்று தெரிந்தது. அழுகை வந்தது என்பதையும் மறைக்கவில்லை.

டேப்பை என்ன செய்வது, தோல் அட்டைக்கு எண்ணெய் போடலாமா என்று கேட்க, மேல்விஷாரத்தில் அப்பாவின் பழைய சிநேகிதர் ஒரு பாய் இருக்கிறார், ஆயுசு முழுக்கத் தோல் மண்டியில் இருந்தவர், அவரிடம் போனேன். சின்னப் புத்தகத்தை விரலால் தடவிவிட்டு, "இது பதன் போட்ட தோலே இல்ல மா. சுண்ணாம்புல போட்டு முடி எடுத்து, இழுத்துக் கட்டிக் காயவச்சிருக்கான். பட்டைச் சாறே படல. எண்ணெய் கிண்ணெய் காட்டிடாதே, ஈரத்தையும் காட்டாதே, சுருண்டுக்கும்" என்றார். ஆங்கிலப் புத்தகத்தின் முதுகைப் பார்த்ததும், "இது பட்டைத்தோல், வெந்துபோச்சு" என்றார். பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்ட தோலைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இதைப் பற்றிப் பிறகு படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. லண்டன் கலைகள் சங்கம் புத்தக அட்டைத் தோல் ஏன் இப்படிச் சீக்கிரம் தூளாகிறது என்று குழு போட்டு ஆராய்ந்து 1905இல் அறிக்கை வெளியிட்டது. அதில் மோசமானவை என்று ஒதுக்கியவற்றில் இந்தியாவிலிருந்து போன பட்டைத்தோலும் ஒன்று. அதற்குப் போட்ட பட்டை ஆவாரை. நம் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் மண்டி மண்டியாகப் போட்ட அதே ஆவாரம் பட்டை. செருப்புக்கும் சேணத்துக்கும் அருமையான தோல், நூறு வருஷம் அலமாரியில் நிற்கும் புத்தக முதுகுக்கு மட்டும் ஒத்துவரவில்லை. இப்படித் தூளாகும் தோலை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. கறுத்து இறுகிவிடும், மீட்கவே முடியாது. பருத்தித்துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் சுவரோரம் வெந்து கிடக்கும் இரும்பு பீரோவில் வைக்காதீர்கள். பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து பெட்டிக்குள் போடலாம், புத்தகத்தைத் தொடாமல். டேப்பை நீங்களே உரிக்காதீர்கள், எழுத்தோடு வந்துவிடும்.

இதற்கிடையில் இணையத்தில் நான் போட்ட படத்தைப் பார்த்து வெளிநாட்டிலிருந்து ஒருவர் எழுதினார். விலை நியாயமாகவே சொன்னார், முன்பணமும் தருகிறேன் என்றார். உபயோகித்த புத்தகம், அன்பளிப்பு என்று எழுதிக் கூரியரில் போட்டுவிடுங்கள் என்றார். அந்த வார்த்தை உறுத்தியதால் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, 1976இலிருந்து அமலில் உள்ளது. நூறு வருஷத்துக்குக் குறையாத, சரித்திர மதிப்புள்ள பொருள் எதுவும் அதில் தொல்பொருள் ஆகலாம். கையெழுத்துப் பிரதி, ஆவணம் என்றால் 75 வருஷமே போதும். இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும் என்று அந்த வரையறை கேட்கவில்லை. தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை சிறை, அபராதம் வேறு. ஒரு பொருள் தொல்பொருளா இல்லையா என்று முடிவு செய்யும் அதிகாரம் இந்தியத் தொல்லியல் துறைக்குத்தான், நமக்கோ வாங்குபவருக்கோ இல்லை. அவர்கள் தொல்பொருள் அல்ல என்று சான்று கொடுத்தால்தான் அனுப்பலாம். கூரியர் ரசீதில் அனுப்புநர் பெயர் என்னுடையதாக இருக்கும், மாட்டுவது நான்தான். வேண்டாம் என்று எழுதிவிட்டேன். நாட்டுக்குள்ளே நம் வீட்டுப் பொருளை ஒருமுறை விற்பதற்கு இந்தத் தடை இல்லை. தொல்பொருள் விற்பதையே தொழிலாகச் செய்பவருக்குத்தான் உரிமம் வேண்டும், அதனால் கடைக்காரரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஏதாவது அரசு நூலகத்துக்குக் கொடுத்துவிடலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் அலைச்சல் மிச்சம். கையெழுத்துச் சுவடிகளுக்கான அரசுத் திட்டங்கள் கையால் எழுதியவற்றுக்கு மட்டும்தான், அச்சு நூல் எவ்வளவு பழசானாலும் அவர்கள் வரம்பில் வராது. அச்சு நூலுக்கு நூலகத்தையோ சட்டக் கல்லூரியையோதான் பார்க்க வேண்டும். முதலில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். முகப்பு, கடைசித் தாள், அட்டை, பழுதான இடங்கள் ஆகியவற்றின் படங்களும் பட்டியல் எண்ணும் ஒரு தாளில் இருந்தால் போதும்.

அப்படி ஒரு தாளை நான் அனுப்பியவர்களில் ஒருவர் மூலமாகத்தான், ரோமானியச் சட்டம் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வேலூருக்கே வந்தார். சாப்பாட்டு மேஜையில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தார். இரண்டாம் பாகத்தில் ஓர் இடத்தைத் தேடி எடுத்து விளக்கினார்: உன் தோலேட்டில் இன்னொருவன் கவிதை எழுதினாலும், பொன் எழுத்திலேயே எழுதினாலும், அந்த ஏடு ஏட்டுக்காரனுக்குத்தான் சொந்தம் என்று பேரரசரின் சட்டம் சொல்கிறது. அப்புறம் கடைசித் தாளுக்கு வந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இதுதான்மா இந்தப் பிரதியோட பத்திரம். மூர் மார்க்கெட்டே 1985ல எரிஞ்சுபோச்சு. அங்கிருந்து இது யார் கையில வந்ததுன்னு சாட்சி சொல்ல இந்த மூணு வரியை விட்டா வேற எதுவும் கிடையாது. அழிக்கச் சொன்னவன் எவன்?" என்றார். அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

24,000 ரூபாய்க்குக் கொடுத்தோம். டேப் இல்லாமல் இருந்தால் இன்னும் கொஞ்சம் தந்திருப்பேன் என்று அவரே சொன்னார். செலவுக்கும் வரவுக்கும் சரியாகக்கூட வரவில்லை. கூரையை நகைக்கடன் வைத்துப் போட்டோம், இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலப் புத்தகத்தை விற்கவில்லை, வசம்பு முடிச்சோடு பெட்டியில் இருக்கிறது.

விற்கும்போது இருதரப்பும் கையெழுத்திட்டு இரண்டு பிரதி எழுதிக்கொண்டோம். அதில் என்னென்ன இருந்தன என்று பலர் கேட்கிறார்கள். நூலின் பெயர், அச்சான ஊர், பட்டியல் எண். ஃபாரம் கணக்கு, முழுமையாக உள்ளது என்ற வரி. முகப்பில் பூச்சி அரித்த இடமும் டேப் ஒட்டிய இடமும். கடைசித் தாளில் உள்ள குறிப்பு அப்படியே, எழுதியவர் பெயரோடு. நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதானால் சட்டப்படி அனுமதி வாங்குவது வாங்குபவர் பொறுப்பு என்ற வரி. தொகை, அது வங்கி வழியாக வந்த விவரம், தேதி. எல்லாப் பக்கத்தையும் போனில் படமெடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தேன்.